இருதயப் பரிசோதனைச் சுருக்கக் குறிகளும் மொழிபெயர்ப்பும்

விஞ்ஞானத்துக்கு நாட்டெல்லை இல்லை என்பது நாம் அடிக்கடி கேட்கும் கூற்று. இருதயத்தைப் பொறுத்த வரையில் அது முற்றிலும் உண்மை. பெர்லினில் துடிக்கும் இருதயமும் தில்லியில் துடிக்கும் இருதயமும் நான்கு அறைகளையும் நான்கு வால்வுகளையும் கொண்டவையே. ஆனால், அந்த இருதயத்தைப் பரிசோதித்த மருத்துவர் தாம் கண்டதை எழுதிவைக்கும் முறைக்கு எல்லை உண்டு. அதிலும், இரண்டு மூன்று எழுத்துக்களில் அவர் எழுதிவைக்கும் சுருக்கக் குறிகளுக்கு அந்த எல்லை மிகக் குறுகியது. அவற்றை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதில் உள்ள இடர்ப்பாட்டை, ஜெர்மன் குறிகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பதை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது மொழிப் புலவர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று. உயர்கல்விக்காகவும் தொழிலுக்காகவும் ஜெர்மனிக்குச் செல்லும் இந்தியர் பலர். அங்கு நோயுற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர் மருத்துவமனையை விட்டு நீங்குகையில் 'ஆர்ட்ஸ்ட்பிரீஃப்' எனப்படும் மருத்துவர் கடிதம் ஒன்று எழுதப்படுகிறது. ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவருக்கு எழுதும் கடிதமாதலின் அது சுருக்கக் குறிகள் நிறைந்ததாகவே இருக்கும். நோயாளி தாய்நாடு திரும்பியதும், நம் மருத்துவமனைகளின் பதிவேடுகள் ஆங்கிலத்திலேயே அமைந்திருப்பதால், அக்கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டிய தேவை எழுகிறது. இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் அதனையே கேட்கின்றன. ஜெர்மன் மருத்துவமனைகளில் பணிபுரியச் செல்லும் நம் நர்ஸுகளும் நாள்தோறும் இக்குறிகளை எதிர்கொள்ள வேண்டியவர்களே. ஆகவே, இக்குறிகளைப் பிழையின்றி அறிதல் நோயாளியின் உயிரோடு தொடர்புடையதாகிறது.

இத்துறையில் ஜெர்மன் மொழிக்குத் தனிக் குறிகள் ஏற்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருதய ஆராய்ச்சியின் தலையாய மொழிகளுள் ஜெர்மனும் ஒன்று. ஹாலந்து நாட்டின் லைடன் நகரப் பேராசிரியர் வில்லம் ஐந்தோவன், இருதய மின்வரைபடத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை 1903-இல் ஒரு ஜெர்மன் சஞ்சிகையிலேயே வெளியிட்டார். 1924-இல் நோபல் பரிசு பெற்றார். ஜப்பானியரான சுனாவோ தவாரா, மார்பர்க் நகரில் லுட்விக் ஆஷாஃபின் வழிகாட்டலில் ஆராய்ந்து, இருதயத்தினுள் மின்தூண்டல் செல்லும் பாதையை விளக்கி 1906-இல் எழுதிய நூலும் ஜெர்மன் நூலே. 1929-இல் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் தம் கையின் சிரை வழியே மெல்லிய குழாயொன்றைத் தம் இருதயம் வரை தாமே செலுத்திக்கொண்டு எக்ஸ்ரே படமும் எடுத்தார். அத்துணிவுக்குரிய நோபல் பரிசு வேறிருவரோடு சேர்த்து 1956-இல் அவருக்கு வழங்கப்பெற்றது. எனவே, ஜெர்மன் குறிகளை ஆங்கிலக் குறிகளின் வேற்றுருவங்கள் என்று கருதுதல் தவறு. அவை தமக்கென ஒரு மருத்துவ மரபு உடையவை. இருதய மின்வரைபடத்தைக் குறிக்கும் 'ஈ.கே.ஜி.' என்னும் ஜெர்மன் குறி அமெரிக்காவிலும் இன்றளவும் வழங்குகிறது. பிரிட்டனிலும் இந்தியாவிலும் 'ஈ.சி.ஜி.' என்பதே வழக்கு.

மொழிபெயர்ப்பாளரின் நோக்கில் இக்குறிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். இரு மொழிகளிலும் எழுத்தும் பொருளும் ஒத்தவை முதல்வகை. இருதயத்தின் இயல்பான தாளத்தைக் குறிக்கும் 'எஸ்.ஆர்.' இதற்கு எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் அறவே வழங்காதவை இரண்டாம் வகை. இருதயத் தமனி நோயைக் குறிக்கும் 'கே.எச்.கே.', இருதயத்தை அல்ட்ராஸவுண்டால் ஆராய்வதைக் குறிக்கும் 'யு.கே.ஜி.', இடது தமனியின் முன் இறங்கு கிளையைக் குறிக்கும் 'ரிவா' ஆகியவை இவ்வகையின. எழுத்து ஒத்து, பொருள் வேறுபட்டவை மூன்றாம் வகை.

இரண்டாம் வகையே கடினமானது என்று பலர் எண்ணுவர். நம் கருத்து அதற்கு மாறானது. 'கே.எச்.கே.' என்பதைக் காணும் மொழிபெயர்ப்பாளர் தமக்கு அது தெரியாது என்பதையேனும் அறிவார், அகராதியைப் புரட்டுவார், அறிந்தவரைக் கேட்பார். அறியாமை அங்கே தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மூன்றாம் வகையிலோ அவர் நிற்பதே இல்லை. எழுத்து பழகிய எழுத்து. ஆங்கிலத்தில் அதற்கொரு பொருளும் உண்டு. எனவே அப்படியே எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறார். தெரியாத குறியினும் தெரிந்ததுபோலத் தோன்றும் குறியே பெருந்தீங்கு விளைப்பது. இதுவே இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் கருத்து.

இதனை விளக்க, ஜெர்மன் மருத்துவர் கடிதங்களில் காணப்படும் முறையைத் தழுவி நாமே அமைத்த வரியொன்றைக் காண்போம்: 'இசட்.என். எச்.டபிள்யூ.ஐ.; வி.எச்.எஃப்.; ஆர்.ஆர். 140/90, எச்.எஃப். 80; எச்.டி. தூயவை, எம்.ஐ. முதற்படி, ஈ.கே.ஜி.யில் எல்.எஸ்.பி.' ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இதில் மாரடைப்பு, இருதயத் தளர்ச்சி, இரத்தக் கொதிப்பு, சுவாச வீதம் ஆகியவற்றையெல்லாம் கண்டுவிடுவார். ஜெர்மன் மருத்துவர் எழுதியது வேறு. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'ஆர்.ஆர்.' என்பது ஜெர்மனியில் இரத்த அழுத்தத்தைக் குறிக்கும். கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை 1896-இல் அறிமுகப்படுத்திய இத்தாலிய மருத்துவர் ஷிப்பியோனே ரீவா-ரோச்சியின் பெயரே அவ்விரு எழுத்துக்களாகச் சுருங்கியது. ஆங்கிலத்திலோ இதே எழுத்துக்கள் சுவாச வீதத்தைக் குறிக்கும். மின்வரைபடத்தில் அடுத்தடுத்த இரு துடிப்பு முனைகளுக்கு இடைப்பட்ட காலத்தையும் குறிக்கும். இங்கு 140/90 என இரண்டு எண்கள் இருப்பதால் பிழை வெளிப்பட்டுவிடக்கூடும். 'ஆர்.ஆர். இயல்பு' என்று மட்டும் எழுதியிருப்பின் அந்தக் காவலும் இல்லை.

'எச்.எஃப்.' என்பது ஜெர்மனில் 'ஹெர்ட்ஸ்ஃப்ரெக்வென்ட்ஸ்', அதாவது நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணப்படும் இருதயத் துடிப்பு வீதம். ஆங்கிலத்தில் அதுவே இருதயத் தளர்ச்சி என்னும் கொடிய நோயின் குறி. குழப்பத்தை மிகுவிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. இக்காலத்து ஜெர்மன் மருத்துவர்கள் இருதயத் தளர்ச்சியின் உட்பிரிவுகளைக் குறிக்க ஆங்கிலக் குறிகளையே ஏற்றுக்கொண்டுள்ளனர். ஆகவே ஒரே கடிதத்தில் ஓரிடத்தில் 'எச்.எஃப்.' துடிப்பு வீதமாகவும், மற்றோரிடத்தில் நீண்டதொரு குறியின் தலைப்பகுதியாக நின்று இருதயத் தளர்ச்சியாகவும் பொருள் தரலாம்.

'எச்.டி.' என்பது இருதய ஒலிகளைக் குறிக்கும் 'ஹெர்ட்ஸ்டோனெ' என்பதன் சுருக்கம். அவை 'தூயவை' என்றால், ஸ்டெதாஸ்கோப்பில் மாசற்று ஒலித்தன என்பது பொருள். ஆங்கிலக் கண்ணுக்கு இது இரத்தக் கொதிப்பாகவே தோன்றும். இரத்தக் கொதிப்பின் ஜெர்மன் பெயர் 'ஹைப்பர்டோனீ' என்பது. அதையும் ஒலியொப்புமை நோக்கி ஆங்கிலச் சொல்லாக மாற்றினால் தசைகளின் விறைப்பு நோயாகிவிடும். ஒரு நோயின் பெயர் மற்றொரு நோயைக் குறிப்பதாய் மாறுவதற்கு இரண்டு எழுத்தே போதும்.

'எம்.ஐ.' என்பது எல்லாவற்றினும் அச்சந் தருவது. இருதயத்தின் மைட்ரல் வால்வு நன்கு மூடாமையால் இரத்தம் பின்னோக்கிக் கசியும் குறைபாட்டை ஜெர்மன் மருத்துவர் இவ்வாறு குறிப்பது வழக்கம். அதன் முதற்படி பெரும்பாலும் தீங்கற்றது. ஆங்கிலத்தில் இவ்வெழுத்துக்கள் மாரடைப்பையே நினைவூட்டுவன. ஒருவருக்கு வராத மாரடைப்பு அவருடைய பதிவேட்டில் ஏறிவிட்டால், தேவையற்ற மருந்துகள் தொடரும், இன்ஷூரன்ஸ் மறுக்கப்படலாம், அவருக்கும் குடும்பத்தாருக்கும் வீண் அச்சம் உண்டாகும். இங்கே துணை செய்வது 'முதற்படி' என்னும் அளவுக் குறிப்பு. வால்வுக் கசிவு படிகளால் அளக்கப்படுவது. மாரடைப்பு அவ்வாறு எழுதப்படுவதில்லை. எனினும் ஜெர்மன் மருத்துவருள்ளும் சிலர் மாரடைப்புக்கு இதே எழுத்துக்களை எழுதுவதுண்டு. எனவே எழுத்தைப் பார்த்து அன்று, சூழலைப் பார்த்தே பொருள் கொள்ளல் வேண்டும்.

'எல்.எஸ்.பி.' என்பது மின்தூண்டலைக் கொண்டுசெல்லும் கற்றையின் இடக் கிளையில் ஏற்பட்ட தடை. ஆங்கிலத்தில் இவ்வெழுத்துக்கள் மார்பெலும்பின் இடப்புற ஓரத்தைக் குறிக்கும். ஒன்று நோய்நிலை, மற்றொன்று மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கும் இடம். மார்பு வலியோடு வந்தவரிடம் இத்தடை புதிதாகத் தோன்றியதா, முன்பே இருந்ததா என்பது மருத்துவர் முதலில் அறிய விரும்பும் செய்திகளுள் ஒன்று. பழைய கடிதத்தில் இருந்த விடை, மொழிபெயர்ப்பில் மறைந்துபோகிறது.

'வி.எச்.எஃப்.' என்பது 'ஃபோர்ஹோஃப்', அதாவது முன்முற்றம் என்னும் சொல்லிலிருந்து வந்தது. இருதயத்தின் மேலறையை ஜெர்மானியர் வீட்டின் முன்முற்றமாகவும், கீழறையை உள்ளறையாகவும் உருவகித்துப் பெயரிட்டனர். ஆகவே இக்குறி மேலறைகளின் ஒழுங்கற்ற நடுக்கத்தைச் சுட்டுவது. ஆங்கிலத்தில் கீழறை நடுக்கத்தின் குறி 'வி.எஃப்.'. முதல் எழுத்தும் இறுதி எழுத்தும் ஒத்திருத்தலின் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேற்றுமையோ மிகப் பெரிது. மேலறை நடுக்கத்தோடு ஒருவர் தக்க சிகிச்சையுடன் பல்லாண்டு வாழலாம். கீழறை நடுக்கம் நேர்ந்தால் இரத்த ஓட்டம் நின்று நொடிகளில் நினைவு தப்பும். மேலறை நடுக்கம் உடையவருள் பலர்க்கு, மூளையில் இரத்தக்கட்டி சென்று அடைத்து வாதம் நேராதிருக்க, இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்படுகிறது. குறி மாறினால் அம்மருந்தின் காரணமே பதிவேட்டிலிருந்து மறைகிறது. காரணம் தெரியாத மருந்தை அடுத்த மருத்துவர் நிறுத்திவிட நேர்ந்தால் விளைவு யாது என்பதைக் கூற வேண்டுவதில்லை.

'எச்.டபிள்யூ.ஐ.' என்பது ஜெர்மனிக்குள்ளேயே இரு பொருள் உடையது. இருதய மருத்துவர்க்கு அது பின்சுவர் மாரடைப்பு. சிறுநீரக மருத்துவர்க்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று. பின்சுவர் என்று கொண்டாலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஜெர்மன் மரபில் பின்சுவர் எனப்படுவது பெரும்பாலும் ஆங்கில மரபில் கீழ்ச்சுவர் எனப்படும் பகுதியே. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மொழி வழுவாது; உடற்கூறு வழுவும்.

சுருக்கக் குறியை விரித்தெழுதினால் மட்டும் பொருள் கிட்டிவிடும் என்பதற்கில்லை. மின்வரைபட அறிக்கைகளில் 'லிங்க்ஸ்டூப்' என்று ஒரு சொல் வரும். இடவகை என்பது அதன் நேர்ப்பொருள். இருதயத்தின் மின்னச்சு எத்திசையில் சாய்ந்துள்ளது என்பதை ஜெர்மன் மருத்துவர் வகைகளாகப் பிரிப்பர். மின்னச்சு பாகையில் +30 முதல் −30 வரை இருப்பது இடவகை. +30 முதல் +60 வரை நடுவகை. +60 முதல் +90 வரை செங்குத்து வகை. +90 முதல் +120 வரை வலவகை. ஆங்கில மரபிலோ −30 முதல் +90 வரை உள்ள பரப்பு முழுவதும் பொதுவாக இயல்பானதே. ஆகவே ஜெர்மன் இடவகையை 'இடப்புற அச்சு விலகல்' என ஆங்கிலத்தில் எழுதுவது, இயல்பான இருதயத்துக்கு இயல்பின்மையை ஏற்றிக்கூறுவதாகும். −30 பாகையையும் கடந்து சாய்ந்ததை ஜெர்மானியர் 'மிகத் திரும்பிய இடவகை' என்று தனியே குறிப்பர். அதற்கே ஆங்கிலத்தின் 'இடப்புற அச்சு விலகல்' பொருந்தும். அந்த ஆங்கிலத் தொடரின் சுருக்கம் 'எல்.ஏ.டி.' என்பது. மேலே கூறிய 'ரிவா' என்னும் தமனிக் கிளைக்கும் ஆங்கிலத்தில் அதே சுருக்கம்! அச்சையும் தமனியையும் ஒரே மூன்று எழுத்துக்கள் சுட்டுகையில், இலக்கு மொழியிலும் சுருக்கத்தைக் கைவிட்டு விரித்தெழுதுதலே அறிவுடைமை.

நோயின் பெயருக்கு முன் நிற்கும் சிறு குறிகளை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அவையே வாக்கியத்தின் உயிர்நிலை. 'வி.ஏ.' என்றால் 'ஐயப்படுகிறோம்' என்பது பொருள்; அது விடுபட்டால் ஐயம் உறுதியாகிவிடும். 'இசட்.என்.' என்றால் அந்நோய் முன்பு நேர்ந்து கடந்தது. அது விடுபட்டால் கடந்த மாரடைப்பு இன்றைய மாரடைப்பாகிவிடும். 'ஓ.பி.' என்பதைச் சொல்லுக்குச் சொல் 'கண்டறிவு இன்றி' எனப் பெயர்ப்பின், பரிசோதனை நடைபெறவில்லையோ என்று தோன்றும். பரிசோதித்ததில் நோய்க்குறி ஒன்றும் காணப்படவில்லை என்பதே அதன் கருத்து. ஜெர்மனியில் புறநோயாளர் கணக்குகளில் நோய்க் குறியெண்ணின் பின்னே ஓர் எழுத்துச் சேர்ப்பர்: 'ஜி' உறுதி செய்யப்பட்டது, 'வி' ஐயத்துக்குரியது, 'இசட்' கடந்தது, 'ஏ' இல்லையென விலக்கப்பட்டது. இறுதி எழுத்தைக் காணத் தவறியவர், இல்லையென்று நிறுவப்பட்ட நோயை நோயாளிக்கு உரியதாக்கிவிடுவார். எண்களிலும் எச்சரிக்கை வேண்டும். ஜெர்மானியர் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவர். '1,2' என்பது நமக்கு ஒன்று தசமம் இரண்டு என்பதை மறத்தல் கூடாது.

இலக்கு மொழியான ஆங்கிலமும் ஒன்றன்று. உணவுக்குழாய் வழியே இருதயத்தை அல்ட்ராஸவுண்டால் காணும் பரிசோதனையை ஜெர்மானியரும் அமெரிக்கரும் 'டி.இ.இ.' என்பர், பிரிட்டிஷ் மருத்துவர் உணவுக்குழாய் என்னும் சொல்லை வேறு எழுத்தில் தொடங்குவதால் 'டி.ஓ.இ.' என்பர். யாருக்காகப் பெயர்க்கிறோம் என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, குறிகளை அப்படியே விட்டுவிடலாமே என்பர் சிலர். இரண்டாம் வகைக் குறிகளை அவ்வாறு விட்டால் படிப்பவர்க்கு விளங்காது. மூன்றாம் வகையை விட்டால் தவறாக விளங்கும். இரண்டாவது முன்னதினும் கொடிது. இனி, மொழிபெயர்க்கும் கணிப்பொறிகள் வந்துவிட்டன, மனிதர் இதில் வருந்துவானேன் என்பர் வேறு சிலர். அப்பொறிகளின் ஆற்றல் வியக்கத்தக்கதே. நீண்ட வாக்கியங்களை அவை நன்கு பெயர்க்கின்றன. ஆயினும், சூழல் குறைந்த இரண்டெழுத்துக் குறியின் முன், மிகுதியாக வழங்கும் பொருளையே பொருளெனக் கொள்ளும் ஆபத்து பொறிக்கும் உண்டு. பொறியின் மொழிபெயர்ப்பு தங்குதடையற்ற நடையில் அமைவதால், படிப்பவர்க்கு ஐயமே எழுவதில்லை. கருவியை விலக்குக என்று நாம் கூறவில்லை. கருவி தந்ததை அறிந்தவர் ஒருவர் மூலத்தோடு ஒப்புநோக்காமல் பதிவேட்டில் ஏற்றற்க என்றே கூறுகிறோம்.

இந்நிலையில் நாம் முன்வைக்கும் ஆலோசனைகள் வருமாறு:

1. எச்சுருக்கத்தையும் நேரே ஆங்கிலச் சுருக்கமாக மாற்றுதல் கூடாது. முதலில் ஜெர்மனிலேயே முழுச்சொல்லாக விரித்து, பிறகு ஆங்கிலத்தில் முழுச்சொல்லாகவே எழுதுதல் வேண்டும்.

2. மூலத்தில் இருந்த எழுத்துக்களையும் அருகே அடைப்புக்குள் காட்டுதல் வேண்டும். பின்னர் படிக்கும் மருத்துவர் ஐயுற்றால் சரிபார்க்க அது உதவும்.

3. இரு பொருள் கொள்ள இடமிருப்பின் இரண்டையும் குறித்து, ஐயம் என்று வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். ஊகித்து நிரப்புதல் பெரும் பிழை. இயலுமாயின் கடிதம் எழுதிய மருத்துவமனையையே வினவுதல் நன்று.

4. எண், அலகு, படி, பாகை ஆகியவற்றைத் தனியே ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும். குறியின் பொருளை உறுதிசெய்வதும் பெரும்பாலும் அவையே.

5. இருதய நோய்க் கடிதங்களின் மொழிபெயர்ப்பை அத்துறை அறிந்த மருத்துவர் ஒருவர் பார்வையிடாமல் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாகாது.

இவை தனி மனிதர் கடைப்பிடிக்கக்கூடியவை. பொது நிறுவனங்கள் செய்யவேண்டிய பணியும் ஒன்றுண்டு. பிறமொழி விஞ்ஞானக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரும் தொண்டு நம் நாட்டுக்குப் புதிதன்று. 1952-இல் தில்லியில் நிறுவப்பெற்ற இந்திய தேசிய விஞ்ஞான ஆவண மையம் அப்பணியை மேற்கொண்டிருந்தது. அந்நிறுவனம் 2002-இலும் 2021-இலும் பிற நிறுவனங்களோடு இணைந்து இன்று வேறு பெயரில் இயங்குகிறது. 1961-இல் அமைக்கப்பெற்ற விஞ்ஞான, தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் நம் மொழிகளுக்குச் சொற்றொகுதிகளை வெளியிட்டு வந்துள்ளது. கலைச்சொற்களுக்குத் தொகுதி தேவைப்படுவது போலவே சுருக்கக் குறிகளுக்கும் தேவை. அத்தொகுதியில் குறி, அதன் மூலமொழி விரிவு, ஆங்கில முழுச்சொல் ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒரு பத்தியும் அமைதல் வேண்டும்: 'எதனோடு மயங்கக்கூடும்' என்பது அது. முதல் மூன்றையும் எந்த அகராதியும் தரும். உயிரைக் காக்கும் பத்தி நான்காவதே. ஜெர்மன் மொழியில் தொடங்கும் இம்முயற்சியைப் பிரெஞ்சு, ரஷிய மொழிகளுக்கும் பின்னர் விரிக்கலாம்.

விரைவின் பொருட்டுத் தோன்றியவை சுருக்கக் குறிகள். ஒரே மருத்துவமனையில், ஒரே மரபில் பயின்றவர்களுக்கிடையே அவை நற்றுணை. கடிதம் நாட்டெல்லையைக் கடக்கும்போது அந்த விரைவினால் மிஞ்சும் சில நொடிகளுக்கு, முன்பின் அறியாத நோயாளி ஒருவர் விலை கொடுக்க நேரலாம். ஆகவே, எழுதும் மருத்துவர் விரித்தெழுதவும், பெயர்ப்பவர் நின்று வினவவும், படிப்பவர் மூலத்தை ஒப்புநோக்கவும் பழகுதல் வேண்டும். அதற்குத் துணையாக மேற்கூறிய தொகுதியை விரைவில் வெளியிட உரியோர் ஆவன செய்வார்களாக.